குருணையின் நிறம்

1842-ஆம் ஆண்டில், அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் தென்பகுதியாகிய மதுரையில் ஒரு மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்து வந்த ஜான் கில் என்ற ஆங்கிலேயர், தம்மிடம் சிகிச்சைக்கு வந்த சிலருடைய பாதங்களைப் பரிசோதித்து, அவற்றைப் பற்றியிருந்தது அதுவரையில் ஐரோப்பிய வைத்தியர் அறிந்திராத ஒரு தனி ரோகம் என்று கண்டு, அவ்வாறே விவரித்து எழுதினார். இந்த ரோகத்தில் பாதம் வீங்கிப் பெருத்து, உள்ளங்காலின் இயற்கையான குழிவு மறைந்து, குழிந்திருந்த இடமே வெளிப்புறமாகப் புடைத்து நிற்கும். தோலின்மேல் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் எழுந்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு துவாரம் திறந்து, அதன் வழியே நீர்த்த சீழ் கசியும். அச்சீழோடு கூடச் சிறு சிறு குருணைகள், சிலருக்குக் கறுப்பாகவும் சிலருக்கு வெளுப்பாகவும் மிகச் சிலருக்குச் சிவப்பாகவும், ஆண்டுக்கணக்கில் வெளிவந்துகொண்டேயிருக்கும். 1846-இல் கோல்புரூக் என்பவர் இதற்கு ‘மதுரைக் கால்’ என்று பெயர் சூட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் காட்ஃப்ரே என்ற மற்றொரு வைத்தியர் பல்லாரியிலிருந்து இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். பழைய வடமொழி நூல்களில் பாதவல்மீகம், அதாவது புற்றுப்போன்ற கால், என்று குறிக்கப்படுவதும் இந்த ரோகமே என்பது வைத்திய சரித்திரம் எழுதுவோர் பலருடைய அபிப்பிராயம்.

பெயர் மதுரையினுடையதாயினும் ரோகம் மதுரைக்கு மட்டும் உரியதன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 15 பாகை தொடங்கி வடக்கே 30 பாகை வரையில், மழை குறைந்து முட்செடிகள் மிகுந்த நிலப்பரப்புகளில், சூடானிலும் சோமாலியாவிலும் செனகலிலும் மெக்ஸிகோவிலும் இந்தியாவின் பல மாநிலங்களிலும் இது காணப்படுகிறது. கால் பெருத்தவுடனே நம் நாட்டில் யாருக்கும் முதலில் தோன்றும் எண்ணம் யானைக்கால் என்பதுதான்; ஆனால் யானைக்கால் கொசுவினால் பரவும் புழுவின் காரியம், அதில் நிணநீர்க் குழாய்கள் அடைபட்டுக் கால் முழுவதும் தடிக்குமேயன்றி, இங்ஙனம் துவாரங்கள் பல திறந்து குருணைகள் கொட்டுவதில்லை. வீக்கம், சீழ் வடியும் துவாரங்கள், குருணை என்ற மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தால் அது மதுரைக் கால் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். எனினும் அவ்வாறு துணிந்து சொன்னவுடனே நிர்ணயம் முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் இந்த ரோகத்தின் சரித்திரத்தில் எண்ணற்ற கால்களைப் பலிகொண்டிருக்கிறது. ஏனெனில் மதுரைக் கால் என்பது ஒரே ரோகமன்று. வெளித் தோற்றத்தில் வேற்றுமை காண்பதற்கு அரிதாகவும், உள்ளே காரணத்தில் முற்றிலும் வேறாகவும் உள்ள இரண்டு ரோகங்களுக்கு அது பொதுப் பெயர்.

அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னர், எலும்பில் கிருமிகள் குடியேறுவது எவ்வாறு என்பதைச் சிறிது கவனிக்க வேண்டும். சாதாரணமாக எலும்பைத் தாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி, பெரும்பாலும் இரத்தத்தின் வழியாக வந்து, வளர்ந்துவரும் குழந்தையின் நீண்ட எலும்புகளில், நுனியை அடுத்து இரத்த ஓட்டம் மந்தமாகத் தேங்கும் பகுதியில் தங்குகிறது. அங்கே சீழ் பிடிக்கிறது. எலும்போ தசையைப்போல் விரிந்து கொடுக்கும் பொருளன்று. ஆகையால் உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தக் குழாய்கள் நெரிபட்டு, ஊட்டமிழந்த எலும்பின் ஒரு பகுதி செத்துத் தனித்துண்டாகப் பிரிகிறது. இரத்தம் எட்டாத அந்தத் துண்டுக்கு மருந்தும் எட்டாது, உடலின் காவல் அணுக்களும் எட்டமாட்டா. கடும் ஜுவரமும், தொட்டாலே துடிக்கச் செய்யும் வலியும் சில நாட்களுக்குள் தோன்றிவிடுவதால், பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அந்த அளவில் வலி ஒரு நன்மையே செய்கிறது.

மதுரைக் காலில் இதற்கு நேர்மாறான முறையைக் காண்கிறோம். இங்கே கிருமி மண்ணில் வாழ்வது. செருப்பில்லாமல் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடப்பவனுடைய காலில் முள்ளோ சுள்ளியோ கல்லின் கூரோ தைக்கும்போது, அந்தச் சிறு காயத்தின் வழியே உள்ளே புகுந்து, தோலுக்கு அடியில் வலியில்லாத ஒரு முடிச்சாக மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வளருகிறது. முள் தைத்த நாளை நோயாளி எப்பொழுதோ மறந்திருப்பான். தோலிலிருந்து தசைக்கும், தசையிலிருந்து எலும்பை மூடியுள்ள சவ்வுக்கும், பின்பு எலும்புக்குமாக, வெளியிலிருந்து உள்நோக்கி இது செல்லுகிறது. இந்த யாத்திரையில் நரம்புகளும் தசைநார்களும் மிகப் பிந்திய காலம் வரையில் கெடுவதில்லை. எனவே பாதம் பாதி அழிந்த நிலையிலும் அதன் சொந்தக்காரன் அதனை ஊன்றி நடக்கிறான், ஏர் ஓட்டுகிறான், சுமை தூக்குகிறான். இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட, குடும்பத்தின் ஜீவனத்துக்கே ஆதாரமாக உள்ள ஆண்மக்களே பெரும்பாலும் இதற்கு ஆளாகிறவர்கள். வலிக்காத காலுக்காகக் கூலியை விட்டு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? ஆகையினால் அவர்கள் வைத்தியரிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் ரோகம் எலும்பைத் தொட்டிருக்கிறது.

எலும்பில் புகுந்த பின்னரும் இதன் போக்கு விசித்திரமானது. எலும்பின் மேற்புறம் முதலில் அரிக்கப்பட்டு, பிறகு உள்ளே துளைகள் ஏற்படுகின்றன. ஆனால் அத்துளைகள் வெறுமையாக இல்லாமல் கெட்டியான குருணைத் திரளால் நிறைந்து நிற்பதால், இவ்வளவு அரிக்கப்பட்ட எலும்பு முறிந்துபோவது அபூர்வம். இரத்த ஓட்டமும் பெரும்பாலும் தடைப்படாமையால், முன்னே சொன்ன செத்த துண்டு இங்கே பிரிந்து வருவதும் அரிது.

குருணை என்று நாம் சொல்லுவது உண்மையில் கிருமிகளின் கூட்டம். நூல் நூலாக வளரும் தன்மையுள்ள அவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, சில இனங்களில் ஒருவிதமான பசையினால் இறுகி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரளுகின்றன. சரீரத்தின் வெள்ளணுக்கள் இத்திரளைச் சூழ்ந்துகொண்டு போராடினாலும் உட்புறத்தை அடைய முடிவதில்லை. சரீரமே தன் எதிர்ப்புச் சக்தியினால் உண்டாக்கிய புரதங்கள் குருணையின் விளிம்பில் படிந்து உறைந்து போவதும் உண்டு. மருந்து உட்புகுவதும் இதனால் கடினமாகிறது. குருணையைப் பற்றிய இந்த ஞானம் ஒரே நாளில் கிடைத்ததன்று. அதில் முதற் பெரும் படியைக் கட்டியவர் பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்பவர். 1858-இல் வெளிவந்து இன்றளவும் உலகெங்கும் பயிலப்பட்டு வரும் கிரே எழுதிய உடற்கூற்று நூலுக்குச் சித்திரங்கள் வரைந்தவர் இவரே. அவயவங்களின் ஒவ்வொரு வளைவையும் கூர்ந்து நோக்கி வரைந்து பழகிய அந்தக் கண்தான் பின்னர் இந்தியக் குடியானவர்களின் காலிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட எலும்பையும், அதற்குள் நிறைந்திருந்த குருணைகளையும் நோக்கியது.

கார்ட்டர் அக்குருணைகளைச் சூக்ஷ்மதர்சினியில் வைத்துப் பார்த்து, அவற்றில் பூஞ்சைக் காளானின் இழைகளைக் கண்டு, 1860-இல் இந்த ரோகத்துக்கு ‘மைசெட்டோமா’, அதாவது காளான் கட்டி, என்ற பெயரை அளித்தார். 1874-இல் இதைப்பற்றித் தனி நூலும் வெளியிட்டார். கறுப்புக் குருணை உள்ள வகை, வெளிர்நிறக் குருணை உள்ள வகை என்று இதனை இரண்டாகப் பிரித்தவரும் அவரே. இரண்டிற்கும் காரணம் காளான்தான் என்று அவர் கருதினார். கருதியதில் வியப்பில்லை, கிருமி சாஸ்திரமே அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஆயினும் அவர் காரணத்தைப் பற்றிக் கொண்ட முடிவைவிட, கண்ணால் கண்டு வகுத்த நிற வேற்றுமையே காலத்தை வென்று நின்றது என்று நான் கருதுகிறேன். தம் கொள்கைக்கு இடையூறாக இருந்தபோதிலும் கண்ட வேற்றுமையை மறைக்காமல் எழுதி வைத்தாரே, அந்த நேர்மைக்காக அவரை எத்தனை முறை போற்றினாலும் தகும்.

அந்த வேற்றுமையின் பொருள் 1894-இல் விளங்கத் தொடங்கியது. அல்ஜீரியாவில் பணியாற்றிய வின்சென்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர், வெள்ளைக் குருணை கொண்ட மதுரைக் காலிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்து வளர்த்து, அதற்கு மதுரையின் பெயரையே இட்டார். இழைகளாகக் கிளைத்து வளர்ந்தபோதிலும் அது காளான் அன்று. அதன் இழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமே உடையது, காளானின் இழையோ அதைவிடப் பன்மடங்கு பருமனானது. இழையுருவில் வளரும் ஒருவகைப் பாக்டீரியாவே அது. ஆக்டினோமடூரா மதுரே என்பது இன்று அதன் பெயர். 1913-இல் பினுவா என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், காளானால் வரும் மதுரைக் கால் வேறு, இத்தகைய இழைப் பாக்டீரியாக்களால் வரும் மதுரைக் கால் வேறு என்று திட்டமாக வகுத்துக் காட்டினார். எலும்பைத் தாக்கும் பாக்டீரியா ரோகங்களில் அபூர்வமானதாகிய இந்த இரண்டாவது வகையே இந்த அத்தியாயத்தின் முக்கிய விஷயம்.

இந்த வகையைச் சேர்ந்த உயிர்கள் நமக்கு அந்நியமானவையல்ல. கோடை வெப்பத்தில் காய்ந்த பூமியில் முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமாகிய ஜியோஸ்மின் என்னும் பொருளைச் செய்வன இவற்றின் உறவினங்களே. அந்தப் பொருளைப் பிரித்தறிந்து 1965-இல் பெயரிட்ட இருவருள் ஒருவரான ஹியூபர்ட் லெஷவாலியே, பின்பு தம் மனைவியார் மேரியோடு சேர்ந்து ஆக்டினோமடூரா என்ற இனப் பெயரையும் வகுத்தவர். அவர்கள் பணியாற்றியது அமெரிக்காவிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அதே ரட்கர்ஸில்தான், 1943-இல், வாக்ஸ்மனுடைய ஆராய்ச்சிச்சாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் மற்றோர் இழைப் பாக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசத்தை முதன்முதலில் வென்ற மருந்து அது. இதன் தொடர்ச்சியாக ஜப்பானில் உமெஸாவா கண்ட கனமைசினும், அதனைத் திருத்தியமைத்துச் செய்த அமிகாசினும், பிரான்ஸின் தென்கடற்கரை மண்ணிலிருந்து இத்தாலியர் பெற்ற இழைப் பாக்டீரியா ஒன்றின் வழிவந்த ரிஃபாம்பிசினும் இக்குலத்துச் செல்வங்களே. மதுரைக் காலை உண்டாக்கும் குலமும், அதனைத் தீர்க்கும் மருந்துகளில் முக்கியமானவற்றை நமக்கு அளித்த குலமும் ஒன்றே என்பது, மண்ணைப் பற்றி நாம் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவு என்பதைக் காட்டுகிறது.

இனி நிர்ணய முறைக்கு வருவோம். துவாரத்திலிருந்து வெளிவரும் குருணையின் நிறத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதே முதற் காரியம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. குருணை கறுப்பானால் பெரும்பாலும் காளான், அதிலும் மடூரெல்லா மைசெட்டோமாடிஸ் என்னும் இனம். சிவப்பானால் ஆக்டினோமடூரா பெல்லெட்டியேரி என்ற பாக்டீரியா. மஞ்சளாகவும் கடினமாகவும் இருந்தால் சூடான் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சோமாலியென்சிஸ் என்று ஐயுறலாம். வெளுப்பில்தான் சிக்கல்: ஆக்டினோமடூரா மதுரேயின் குருணை வெளுத்தும் சில சமயம் இளஞ்சிவப்பு ஓடியும், ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பருமனோடும் இருக்கும், மெக்ஸிகோவில் இந்த ரோகத்துக்கு முக்கிய காரணமாகிய நோகார்டியா பிரசிலியென்சிஸின் குருணையோ கண்ணுக்குச் சிரமப்பட்டே தெரியும் அளவு சிறியது, காளான்களிலும் வெள்ளைக் குருணை உண்டாக்கும் இனங்கள் சில உள. ஆகவே கறுப்பு நிறம் சொல்லும் சாட்சியை ஏறக்குறைய அப்படியே நம்பலாம். வெள்ளை நிறத்தின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டும்.

அந்தக் குறுக்கு விசாரணை, குருணையை உப்புநீரில் கழுவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. இழை மெல்லியதாய், கிராம் சாயத்தை ஏற்று நீலநிறமாகத் தோன்றினால் பாக்டீரியா. பருத்து, இடையிடையே தடுப்புச் சுவர்கள் உடையதானால் காளான். பாக்டீரியா என்று தெரிந்தபின், இளக்கப்பட்ட அமிலச் சாய முறையொன்றினால், சாயத்தை விடாமல் ஓரளவு பிடித்துக்கொள்ளும் நோகார்டியாவையும் அவ்வாறு பிடித்துக்கொள்ளாத ஆக்டினோமடூராவையும் பிரிக்கலாம். சூக்ஷ்மதர்சினியும் சில சாயப்புட்டிகளும் உள்ள தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய காரியம் இது. இதற்கப்பால் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதன் மரபணுவின் ஒரு பகுதியைப் படித்து இனத்தை உறுதி செய்யும் முறை இப்பொழுது பெரிய நிலையங்களில் நடைமுறையில் இருக்கிறது.

இவ்விடத்தில், வேதனையோடு சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய கட்டியை ஆழமாகக் கீறி, சதையும் எலும்பும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் ரண வைத்தியர்கள், பழக்கத்தின் காரணமாக முழுவதையும் ஃபார்மலின் புட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் திசுவின் வடிவத்தைக் காக்கும், ஆனால் அதிலுள்ள கிருமியைக் கொன்றுவிடும், கொல்லப்பட்டது வளராது. திசுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியைத் தூய உப்புநீரிலும் இட்டு, பின்னதைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினால், ஒரு மனிதனுடைய காலே மிஞ்சக்கூடும். துவாரத்தின் வாயிலிருந்து பஞ்சில் தொட்டெடுக்கும் சீழும் போதாது; தோலின் மேலுள்ள வேறு கிருமிகள் அதில் கலந்து, முந்தி வளர்ந்து, உண்மைக் குற்றவாளியை மறைத்துவிடும்.

எலும்பு ரோகங்களில் கேட்கும் முறையே பதிலைத் தீர்மானிக்கிறது என்பதற்கு வேறொரு நிரூபணமும் உண்டு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூட்டையும் எலும்பையும் தாக்கும் கிங்கெல்லா கிங்கே என்ற கிருமி, சாதாரணத் தட்டுகளில் வளர மறுப்பதனால், நெடுங்காலம் மிக அபூர்வமானது என்று கருதப்பட்டது; 1992-இல் இஸ்ரேல் வைத்தியர்கள், மூட்டிலிருந்து எடுத்த நீரை இரத்தப் பரிசோதனைக்குரிய திரவப் புட்டிகளில் நேரே செலுத்திப் பார்த்தபோது, தட்டில் தோன்றாத அந்தக் கிருமி புட்டியில் தழைத்து வளர்ந்தது. இன்று பல நாடுகளில் அவ்வயதுக் குழந்தைகளின் எலும்பு ரோகத்துக்கு முதன்மையான காரணமாக அது கணிக்கப்படுகிறது. அபூர்வம் என்று நாம் முத்திரை குத்தியவற்றுள் எத்தனை உண்மையில் அபூர்வம், எத்தனை நம்முடைய சோதனைக்கு அகப்படாதவை என்பது இன்னும் ஆராயத்தக்கது.

குருணை வெளிவராத ஆரம்ப நிலையில் படங்கள் துணை செய்கின்றன. எக்ஸ்ரேயில் பாக்டீரியா வகை எலும்பில் பல சிறு துளைகளாக, விளிம்பு தெளிவின்றித் தோன்றும்; காளான் வகையின் துளைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் தெளிந்த விளிம்பும் உடையன. காந்தப் புல முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், வெண்மையான சிறு வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவே ஒரு கரும்புள்ளியும் காணப்படுவதை 2003-இல் ஆராய்ச்சியாளர் குறித்தனர். வட்டம் அழற்சியால் வீங்கிய திசு, புள்ளி அதன் நடுவில் அமர்ந்துள்ள குருணை. இந்த அடையாளம் வேறு எலும்பு ரோகங்களில் பெரும்பாலும் காணப்படாதது.

இத்தனை சாதனங்கள் இருந்தும் நிர்ணயம் தவறுவது ஏன்? நம் நாட்டில் காசரோகம் மிகுந்திருப்பது அதற்கு முக்கிய காரணம். எலும்பில் ஆறாப் புண்ணும் சீழ் வடியும் துவாரமும் கண்டால், அனுபவமுள்ள வைத்தியரும் முதலில் எலும்புக் காசம் என்று எண்ணுவது நியாயமே; பத்தில் ஒன்பது முறை அந்த எண்ணம் சரியாகவும் இருக்கக்கூடும். நோகார்டியாவோ காசக் கிருமியின் தூரத்து உறவு. சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் குணமும் ஓரளவு பெற்றிருப்பதால் ஏமாற்றவும் வல்லது. இவற்றிலெல்லாம் கொடியது இன்னொன்று. காசத்துக்குத் தரும் ரிஃபாம்பிசினும், முன்பு மிகுதியாக வழங்கி வந்த ஸ்ட்ரெப்டோமைசினும் இந்த இழைப் பாக்டீரியாக்களையும் ஓரளவு தாக்கும் மருந்துகள். ஆகையால் காசம் என்று தவறாக எண்ணித் தொடங்கிய சிகிச்சையிலும் முதல் சில மாதங்களில் வீக்கம் வடிகிறது, சீழ் குறைகிறது. நிர்ணயம் சரிதான் என்று வைத்தியரும் நம்புகிறார், நோயாளியும் மகிழ்கிறான். பின்பு ரோகம் திரும்பத் தலைதூக்கும்போது ஆண்டு ஒன்று கழிந்திருக்கும், அரிப்பு எலும்புக்குள் மேலும் ஆழ்ந்திருக்கும். மருந்துக்கு ரோகம் இணங்கியது என்பதையே ரோகத்தின் பெயருக்கு நிரூபணமாகக் கொள்ளும் வழக்கம் எலும்பு விஷயத்தில் எவ்வளவு அபாயமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பாக்டீரியாவா காளானா என்ற கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது சாஸ்திரப் பற்றினால் மட்டுமன்று. காளான் வகைக்கு மருந்தோடு கத்தியும் வேண்டியிருக்கும். ஓராண்டுக்கு மேல் மருந்து உண்டும் தீராமல், கடைசியில் காலையே துண்டிக்க நேர்வதும் உண்டு. பாக்டீரியா வகையோ எலும்புக்குள் நன்றாகப் பரவிய பிறகும் பெரும்பாலும் மருந்தினாலேயே தீரக்கூடியது. மெக்ஸிகோவில் மான்ட்டெரே நகரத்து வைத்தியர் ஒலிவேரியோ வெல்ஷும் அவருடைய சகாக்களும் 1987-இல் வெளியிட்ட முறைப்படி, நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் அமிகாசினை மூன்று வாரம் ஊசிமூலம் செலுத்தி, கூடவே கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையை ஐந்து வாரம் கொடுத்து, இந்த ஐந்து வாரச் சுற்றைத் தேவைக்கேற்பத் திரும்பச் செய்கிறார்கள். அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லதாதலால், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே செவிப்புலனையும் சிறுநீரகச் செயலையும் சோதித்த பின்னரே அடுத்த சுற்றைத் தொடங்கவேண்டும். தில்லியில் வைத்தியர்கள் அமிகாசினுக்குப் பதிலாக ஜென்டமைசினைக் கொண்டு, முதலில் சில வாரம் கடுமையான ஊசிச் சிகிச்சை, பின்பு பல மாதம் மாத்திரை மட்டும் என்று இரு கட்டமாக அமைத்த முறையும் நல்ல பயன் தந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தங்க இயலாத கூலியாளுக்கு இத்தகைய ஏற்பாடு மிகப் பெரிய உபகாரம்.

கார்ட்டூமில் 1991-இல் அமைக்கப்பட்ட மைசெட்டோமா ஆராய்ச்சி நிலையம், பேராசிரியர் அகமது ஃபாஹலின் தலைமையில், இந்த ரோகத்தைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியைத் திரட்டித் தந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல ரோகங்களின் பட்டியலில் சேர்த்ததில் அந்நிலையத்தாரின் விடாமுயற்சிக்குப் பெரும் பங்குண்டு. அண்மையில் சூடானில் மூண்ட போரில் அந்த நிலையம் பாழ்பட்டு, பல்லாண்டு காலம் சேர்த்து வைத்திருந்த திசு மாதிரிகளும் அழிந்தன என்ற செய்தி, இத்துறையில் உழைப்பவர்கள் அனைவருக்கும் சொந்த வீட்டு இழப்பாகவே இருக்கிறது.

சிகிச்சை தொடங்கிய பின் முதலில் சீழ் வற்றுகிறது. அடுத்துத் துவாரங்கள் மூடுகின்றன. வீக்கம் வடிந்து பாதம் தன் உருவத்தை மெல்ல அடைகிறது. நோயாளி இந்தக் கட்டத்தில் ஊருக்குப் போய்விட விரும்புவான். அவனை நிறுத்தி வைப்பது வைத்தியருடைய கடமைகளில் மிகக் கடினமானது. தோல் மூடிய பின்னும் எலும்பினுள் குருணைகள் உயிரோடு தங்கியிருக்கலாம். ஒலி அலைப் படத்தில் அவற்றின் சுவடு மறைந்து, எக்ஸ்ரேயில் துளைகள் இருந்த இடத்தில் புது எலும்பு படியத் தொடங்கிய பிறகே குணம் என்று குறிப்பது வழக்கம்; அதற்குப் பல மாதங்களும், ரோகம் ஆழப் பரவியவர்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மாத்திரையை நிறுத்திய பின்னரும், திரும்ப வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை காலைக் காட்டிப் போகும்படி நோயாளிக்குத் தேதி குறித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள்.